முப்பத்தெட்டு வருஷங்களுக்குப் பின்பு

வேதபாடம்: யோவான் 5:1–15



நம்முடைய மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களில் பலர், குடிப்பழக்கத்திலிருந்து மீளுகிறவர்களைக் குறித்து ஒரு பாடம் எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வாலிபன் திருந்துவான், சரி. அறுபது வயதைத் தாண்டியவர், நாற்பது வருஷம் குடித்தவர், இனி மாறுவாரா? அவருக்காக மருத்துவமனையில் ஒரு கட்டிலும் மருந்தும் செலவிடுவது வீண் அல்லவா? ஒரு சகோதரி இன்னும் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள்: "எங்க அப்பாவுக்காக நான் ஜெபிக்கிறதை நிறுத்திட்டேன் ஐயா."

அந்த சகோதரிக்குப் பதில் எழுதுவதுபோலவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். நிக்கொதேமு கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான் (யோவான் 3:4). ஆனால் அவர் படித்தவர், மரியாதைக்குரியவர். இராத்திரியில் வந்து வாதம் பண்ண அவரால் முடிந்தது. நம் வார்டுக்கு வருகிறவர்கள் அப்படியல்ல. ஆகையால் யோவான் 5ஆம் அதிகாரத்துக்குப் போவோம். எருசலேமில் பெதஸ்தா குளத்தருகே ஐந்து மண்டபங்களிலும் வியாதியஸ்தர் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முப்பத்தெட்டு வருஷமாக வியாதிப்பட்டவர். அவருடைய வயதை யோவான் சொல்லவில்லை. வியாதியின் வயதை மட்டும் சொல்லுகிறார். எங்கள் நோயாளிகளின் சீட்டிலும் அப்படித்தான், "வயது 64" என்று எழுதியிருக்கும், அதன் கீழே "குடிப்பழக்கம் 41 வருஷம்" என்று இருக்கும். இரண்டாவது எண்தான் பேசும்.

மனம் உண்டா என்று ஏன் கேட்டார்?

குணமடைய உனக்கு மனதுண்டா என்று ஆண்டவர் முதலில் கேட்கிறார். முப்பத்தெட்டு வருஷம் படுத்துக் கிடக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று வேதாகமக் கல்லூரியில் நாங்கள் வாலிபர்களாயிருந்தபோது சிரித்ததுண்டு. வார்டில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. கவனியுங்கள், அந்த மனுஷர் "ஆம்" என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆள் இல்லை, தனக்கு முன்பே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று நியாயம் சொல்லுகிறார். குடிக்கிறவர்களும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள். "நான் என் காசிலே குடிக்கிறேன்", "உடம்பு வலிக்குக் குடிக்கிறேன்", "பிள்ளைகள் மதிக்கிறதில்லை, அதனால குடிக்கிறேன்." இவற்றில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் அதுவல்ல.

மருத்துவர்கள் கேட்கிற நான்கு எளிய கேள்விகள் உண்டு. ஜான் யூயிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1984ஆம் வருஷம் அவற்றை வெளியிட்டார். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? மற்றவர்கள் குறை சொல்லும்போது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காக மனதில் குற்றவுணர்வு உண்டானதுண்டா? காலையில் எழுந்தவுடன் கை நடுக்கம் நிற்கக் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆம்" என்றாலே மருத்துவர் உஷாராகிவிடுவார். நான்காவது கேள்விக்கு "ஆம்" என்று ஒருவர் தலையசைத்தால், அவரை மருத்துவரிடம் விட்டுவிட்டுத்தான் நான் வேதத்தைத் திறப்பது. அதன் காரணத்தை இனி சொல்லுகிறேன். இந்தப் பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

மூன்றாம் நாள்

நீதிமொழிகள் 23:29–35 வரை வாசித்துப் பாருங்கள். வேதத்திலே குடியைக் கண்டிக்கிற இடங்கள் அநேகம். ஆனால் ஒரு மருத்துவர் எழுதிய குறிப்புபோல இருப்பது இந்தப் பகுதிதான். காரணமில்லாத காயங்கள், சிவந்த கண்கள், கண்ணுக்கு முன் தோன்றுகிற விநோதக் காட்சிகள், கடல் நடுவே பாய்மரத்தின் உச்சியில் படுத்திருப்பதுபோன்ற தள்ளாட்டம், அடித்தாலும் வலி தெரியாமை, விழித்தவுடன் மறுபடியும் அதையே தேடுவது. எல்லாம் வரிசையாக இருக்கிறது.

வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன நடக்கும்? 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும், கட்டிலுக்கடியில் பாம்பு இருப்பதாகவும் சொல்லி அலறுவார்கள், காய்ச்சல் ஏறும், இருதயம் படபடக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் இது உயிரை எடுக்கக்கூடியது. வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயது ஏற ஏற உடம்பில் நீர் குறைகிறது, அதே அளவு சாராயம் இரத்தத்தில் கூடுதலாக நிற்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளோடு மோதுகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது.

நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பெரியவரை ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் அடைத்து வைக்கிறார்கள். மூன்று நாள் உபவாசம். மூன்றாம் நாள் அவர் பாம்பு என்று அலறும்போது பிசாசு வெளியேறுகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். கையைக் காலைக் கட்டுகிறார்கள். பிரியமானவர்களே, உபவாச ஜெபத்தை நான் அற்பமாக எண்ணுகிறவன் அல்ல. ஆனால் அந்த மூன்றாம் நாளில் அவருக்குத் தேவையானது மருத்துவமனைக் கட்டில், வலிப்பைத் தடுக்கிற மருந்து, தையமின் என்கிற பி1 உயிர்ச்சத்து ஊசி. வெகுகாலம் குடித்து, சரியாகச் சாப்பிடாதவருக்கு இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுப்பதற்கு முன்னால் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்று நமது செவிலியர்கள் படித்திருக்கிறார்கள். விலை குறைந்த மருந்துதான். நீங்கள் அனுப்புகிற காணிக்கையின் ஒரு பகுதி இதற்குப் போகிறது. வீட்டில் உபவாசமிருந்து ஜெபியுங்கள். அவரை மட்டும் எங்களிடம் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கி வெறுப்பு வரச்செய்கிற டைசல்பிராம் என்ற மாத்திரையை 1948ஆம் வருஷம் டென்மார்க் நாட்டார் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் சொல்லி, நோயாளி சம்மதித்துச் சாப்பிட்டால் அது சிலருக்கு நல்ல துணை. ஆனால் இதைப் பொடி பண்ணிக் குழம்பில் தெரியாமல் கலந்துகொடுக்கிற மனைவிமார் உண்டு. "அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்ற விளம்பரப் பொடிகளை வாங்குகிறவர்களும் உண்டு. இருதய நோயுள்ள முதியவருக்கு இது மரணமாக முடியலாம். அவர்கள் கண்ணீரை நான் அறிவேன். ஆனாலும் வேண்டாம் அம்மா.

ஆமத்தூர்ப் பக்கம்

தூரத்திலிருந்து வாசிக்கிற சபையாருக்காக இந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற வழியில் ஆமத்தூர் இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வருஷங்களில் மக்களைக் காப்பாற்றியது தீப்பெட்டியும் பட்டாசும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் வருஷம் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தொழில். எங்கள் பக்கத்தில் "மருந்து" என்று சொன்னால் பாதிப்பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் செலுத்துகிற வெடிமருந்து. எங்கள் மருந்தகச் சாளரத்தில் நின்றுகொண்டு "மருந்து வேலை பாத்தவன் நான், மருந்துக்குப் பயப்படுவேனா" என்று வேடிக்கை பேசுகிறவர்கள் உண்டு.

அந்த வேலை செய்கிறவருக்குக் காலையில் கை நடுங்கக்கூடாது. நடுக்கம் நிற்கக் குடித்துவிட்டு வந்தாலும் கூடாது. மருந்துக் கலவை அறையில் ஓர் ஆள் தடுமாறினால், பக்கத்து அறையில் திரி செருகிக்கொண்டிருக்கிற பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? இந்த வட்டாரத்தில் நடந்த வெடிவிபத்துகளுக்கெல்லாம் குடி காரணம் என்று நான் சொல்லவில்லை. உராய்வு, வெயில், அளவுக்கு மிஞ்சின ஆட்கள், அவசரம் என்று காரணங்கள் பல. ஆனால் இங்கே ஒருவருடைய குடி அவருடைய ஈரலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்காகச் சொல்லுகிறேன்.

சம்பளம் வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். மதுக்கடை வழியில் இருக்கும். 1971ஆம் வருஷம் வரை நம் மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தது. விருதுநகர் மண்ணில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்த காலம் முழுவதும் அது நடைமுறையில் இருந்தது. இப்போது எழுபது வயதிலிருக்கிறவர்கள் அந்த விலக்கு நீங்கின நாட்களில் வாலிபத்தின் வாசலில் நின்றவர்கள். 1974இல் மறுபடி மதுவிலக்கு, 1981இல் மறுபடி அனுமதி, 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் அந்த நிறுவனமே சில்லறைக் கடை நடத்துவது என்று அவர்களுடைய ஆயுசு கழிந்தது. அரசியல் பேச இது இடமல்ல. அந்தத் தலைமுறையைக் கண்டிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஆள் இல்லை

பெதஸ்தாவின் மனுஷர் சொன்ன நியாயத்தில் ஒரு பெரிய உண்மை இருந்தது. அவருக்கு ஆள் இல்லை. இதை விளக்க ஒரு மருத்துவரின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் பட்டணத்தில் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1879ஆம் வருஷம் பிறந்தவர். படிக்கிற காலத்திலேயே குடிக்கத் தொடங்கினவர். அவருடைய மனைவி ஆன் பக்தியுள்ளவர். மனைவியோடு சேர்ந்து ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு இரண்டரை வருஷம் போனார். வேதம் வாசித்தார், ஜெபித்தார், கூட்டங்களுக்குத் தவறாமல் போனார்; வீட்டுக்கு வந்து குடித்தார். இதை நம்முடைய சபைகள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அவர் மாய்மாலக்காரர் அல்ல. ஜெபித்ததும் உண்மை, குடித்ததும் உண்மை.

1935ஆம் வருஷம் மே மாதத்தில், நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்திருந்த பில் வில்சன் என்பவர் அவரைச் சந்தித்தார். வில்சனுக்கு 39 வயது, குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வியாபாரம் கைகூடவில்லை, மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. "இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் நான் தப்புவேன்" என்ற எண்ணத்தோடு ஆள் தேடி வந்தவர் அவர். கால்மணி நேரம் இருப்பேன் என்று சொல்லி வந்த மருத்துவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். முதன்முறையாக அவருக்குப் பிரசங்கம் பண்ணாத ஒருவர் கிடைத்தார். தன் கதையைச் சொல்லி, உம்முடைய உதவி எனக்கு வேண்டும் என்று கேட்கிற ஒருவர்.

அதன்பிறகும் அவர் விழுந்தார். ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத் திரும்பினார். கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு வயது 55. அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பிறந்தநாளாக எண்ணுகிறார்கள். அன்று அவர் ஓர் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வராமல், தான் கடன்பட்டவர்களையும் மனம் நோகச் செய்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சந்தித்துவிட்டு வந்தார் என்று சொல்லுகிறார்கள். 1950ஆம் வருஷம் நவம்பர் மாதம் மரிக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. குடிக்கவேண்டும் என்ற தாகம் மட்டும் முதல் இரண்டரை வருஷம் தன்னை விடவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே ஆசை அற்றுப்போகும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்த இரண்டரை வருஷத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

மிஷன் மருத்துவமனையைத் தாங்குகிற உங்களுக்குப் பிரியமான ஒரு பகுதி இந்தச் சரித்திரத்தில் உண்டு. அந்நாட்களில் குடிகாரரை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்வதில்லை. ஆக்ரனில் கத்தோலிக்கர் நடத்திய புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ இருந்தார். 1939ஆம் வருஷம் அவர் "கடுமையான இரைப்பை அழற்சி" என்று பதிவேட்டில் எழுதி ஒரு குடிநோயாளியைச் சேர்த்தார்! அவரும் மருத்துவர் ஸ்மித்தும் சேர்ந்து அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் ஏறக்குறைய 5,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள். மருத்துவர் தமக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஆரம்ப நாட்களில் அந்தக் குழுவார் விரும்பி வாசித்தவை மலைப்பிரசங்கமும், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரமும், யாக்கோபின் நிருபமும். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி யாக்கோபு 5:16 சொல்லுகிறதை நாம் ஆலயத்தில் வாசிக்கிறோம். அவர்கள் அதை ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்தார்கள்.

அந்த இயக்கம் ஒரு சபையல்ல. எந்த மதத்தாரும் அதில் சேரலாம், கடவுளை அவரவர் அறிந்தபடி அழைக்கலாம். இதனால் சில போதகர்கள் அதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்ல எனக்கு வாயுண்டு. ஆனால் 41 வருஷம் குடித்தவரிடம் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல என்னால் முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் வார்டுக்கு வரும்போது நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்துவிடுவேன். 

நம் தேசத்தில் இந்த இயக்கம் 1957இல் மும்பையில் வேரூன்றியது. அதே மும்பையில் பாந்திராவில், தாமே குடிநோயிலிருந்து மீண்ட ஜோ பெரேரா என்ற கத்தோலிக்கக் குரு 1981இல் கிருபா நிறுவனத்தை ஆரம்பித்தார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அடுத்த வருஷமே, 1980இல் டி.டி.கே. மருத்துவமனையாக அறியப்படுகிற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், நோயாளியைப் பட்டணத்துக்கு இழுக்காமல் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். அது கிறிஸ்தவ நிறுவனம் அல்ல. ஆயினும் ஊராரையும் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுப்பதை நம்மைப்போன்றவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். நல்ல சமாரியனும் நம் ஆள் அல்லவே.

ஆள் இல்லாத குறை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடியினால் உதவி தேவைப்படுகிற நிலையிலிருப்பவர்கள் 5.7 கோடிப்பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். முப்பத்தெட்டு என்ற எண்ணைக் கண்டபோது பெதஸ்தா என் நினைவுக்கு வந்தது. உபதேசம் ஒன்றும் இதில் இல்லை. எண் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

படுக்கையைத் தூக்கிக்கொண்டு

குணமானவரிடம் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்படி ஆண்டவர் சொன்னார். ஏன் அதை அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை? வேத விற்பன்னர்கள் பல விளக்கம் தருகிறார்கள். எங்கள் வார்டில் விளங்குவது இதுதான்: அதுவரை அவரைச் சுமந்ததை இனி அவர் சுமக்கவேண்டும்.

ஆமத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். வயது அறுபத்துநான்கு. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். ஈரல் வீங்கி, இரத்த வாந்தியெடுத்து வந்தார். பதினாறு நாள் இருந்தார். முதல் வாரம் என்னைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிறகு ஒருநாள், "ஐயா, நான் செத்தா எரிக்கிறதா புதைக்கிறதான்னு என் சம்சாரத்துக்கும் பையனுக்கும் சண்டை வரும். அதைத் தீர்த்து வைச்சிட்டுப் போகணும்" என்றார். மனைவி பல வருஷங்களாகச் சபைக்கு வருகிறவர்கள். மரணத்தைப் பற்றிப் பேச வந்தவர் மெல்ல மெல்ல ஜீவனைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். லூக்கா சுவிசேஷத்தை இருவரும் வாசித்தோம். சகேயு வந்த இடத்தில் நிறுத்தினார். "நாலு மடங்காக் கொடுக்கணும்னா நான் எங்கே போவேன் ஐயா? சம்சாரத்தோட தாலிச் சங்கிலியையே குடிச்சவன்." அண்ணாச்சி, ஒரு மடங்கிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன்.

இப்போது அவர் ஒரு கடையில் இரவுக் காவல் இருக்கிறார். சனிக்கிழமைக் கூலியைத் தன் கையில் வாங்குவதில்லை. முதலாளியிடம் சொல்லி மனைவி கையில் கொடுக்கச் செய்திருக்கிறார். சம்பளக் கவரை எண்ணிப் பார்க்கிற சந்தோஷமே போச்சு என்று என்னிடம் குறைப்பட்டார். இதுதான் படுக்கை. மகன் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அவரோடு பேசவில்லை. அதுவும் படுக்கைதான். அப்பா கிறிஸ்தவரானதினால் மகன் உடனே கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக்கூடாது. முப்பது வருஷம் அடி வாங்கின பிள்ளைக்கு முப்பது நாளில் நம்பிக்கை வருமா? அந்தப் பிள்ளையைக் கடின இருதயமுள்ளவன் என்று சபையார் பேசினபோது நான் சம்மதிக்கவில்லை.

ஞானஸ்நானம் பெற்று இரண்டு மாதத்தில், அசனப் பண்டிகையிலே மேடையேறிச் சாட்சி சொல்ல அவரை ஒரு சபையார் அழைத்தார்கள். ஒலிபெருக்கி, சுவரொட்டி எல்லாம் ஏற்பாடு. வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. அவர் பேசினார், ஜனங்கள் அழுதார்கள், அல்லேலூயா சொன்னார்கள். தீபாவளி வந்தது. பழைய ஆலை நண்பர்கள் போனஸ் கையோடு வந்தார்கள். அவர் விழுந்தார். விழுந்ததைவிட, மேடையில் பேசினவன் விழுந்தானே என்ற வெட்கம் அவரைக் கொன்றது. மூன்று வாரம் ஆலயத்துப் பக்கமே வரவில்லை.

சீக்கிரமாய்ச் சாட்சி கேட்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இந்த வட்டாரத்துக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த தாமஸ் ராக்லண்டு ஐயரை நினைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் உயர்ந்த இடத்திலிருந்தவர். 1854 முதல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் மாதம் சிவகாசியில் 43ஆம் வயதில் மரித்தார். அவர் கண்ட அறுப்பு மிகக் கொஞ்சம். அவரை அனுப்பினவர்கள் மாதாமாதம் சாட்சியும் புகைப்படமும் கேட்டிருந்தால் என்ன அனுப்பியிருப்பார்? நம்முடைய இதழில் குடிநோயாளிகளின் "முன்பும் பின்பும்" படங்களை நாங்கள் போடாததற்கு இதுவே காரணம். சிலர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தில் மறுபடியும்

யோவான் 5:14ஐ நாம் அவசரமாகக் கடந்துபோகிறோம். ஆண்டவர் அந்த மனுஷரைக் குணமாக்கிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனார். பின்பு தேவாலயத்தில் அவரைக் கண்டு, இனிப் பாவம் செய்யாதே, இதைவிட மோசமானது வரக்கூடும் என்று எச்சரித்தார். கண்டவர் ஆண்டவர். அதாவது, தேடிப் போயிருக்கிறார். குணமாக்கின இடத்தோடு அவருடைய வேலை முடியவில்லை. மருத்துவர்கள் "மறுபரிசோதனை" என்று சொல்லுவதை ஆண்டவர் தேவாலயத்தில் வைத்துச் செய்தார்.

நம் பெரியவரையும் தேடித்தான் போனோம். நான் போகவில்லை, அவரைப்போலவே குடியை விட்டிருந்த இன்னொருவர், லாரி ஓட்டினவர், போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான்காம் வாரம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்தப் பெரியவருடைய பெயரை நற்கருணைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று கமிட்டியில் ஒருவர் பேசினார். அதே கமிட்டியில் கோபக்காரர் உண்டு, வட்டிக்குக் கொடுக்கிறவர் உண்டு; அவர்கள் பெயர் நீங்கவில்லை. விழுந்தவரை ஒழுங்குபடுத்துவது வேறு, வெளியே நிறுத்துவது வேறு. குடிநோயில் மறுபடி விழுவது சாதாரணமாக நடக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அதைப் பாவமல்ல என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சர்க்கரை நோயாளி பண்டிகையில் இனிப்புச் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறி வந்தால் நாம் வார்டை மூடுவதில்லையே.

நற்கருணை என்றவுடன் ஒரு காரியம். உங்கள் சபையில் புளித்த திராட்சரசம் உபயோகிக்கிறீர்களானால், மீண்டு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த வாசனை போதும். டைசல்பிராம் சாப்பிடுகிறவருக்கு ஒரு மிடறுகூட ஆகாது. 1869ஆம் வருஷம் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்டு பல்வைத்தியர், திராட்சச்சாற்றைச் சூடாக்கிப் புளிக்காதபடி பாதுகாக்கிற வழியைக் கண்டது நற்கருணைக்காகவே. புளிக்காத ரசத்தைப் பயன்படுத்துகிற சபைகள் நம் பக்கத்திலும் உண்டு. முடியாத சபைகளில் அவர் அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளட்டும். ஏன் கிண்ணத்தைத் தொடவில்லை என்று யாரும் கேட்கவேண்டாம்.

வயதானவர்கள் மாறுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். சிகிச்சைக்கு ஒழுங்காக வருகிற முதியவர்கள் வாலிபர்களைவிடக் குறைவாகப் பலன் பெறுவதில்லை, பல ஆய்வுகளில் சற்று நன்றாகவே பெறுகிறார்கள் என்று மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. எங்கள் அனுபவமும் அதுதான். அவர்களுக்கு ஓட இடமில்லை, நேரமும் அதிகமில்லை. ஆகையால் சொல்வதைக் கேட்கிறார்கள். திராட்சத்தோட்டத்து உவமையில் (மத்தேயு 20) பதினோராம் மணி நேரத்தில் வந்தவர்களிடம், ஏன் நாளெல்லாம் சும்மா நின்றீர்கள் என்று கேட்டபோது, எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்றுதானே சொன்னார்கள்? கடிதம் எழுதிய சகோதரிக்கு: நீங்கள் களைத்துப்போயிருந்தால் கொஞ்சநாள் நாங்கள் ஜெபிக்கிறோம். நீங்கள் அப்பாவை ஒருமுறை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். தூரமாயிருந்தால் 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணைக் கூப்பிட்டு, பக்கத்தில் எங்கே சிகிச்சை என்று கேளுங்கள்.

பாடக்குழுவில் பேசும்படி மூன்று கேள்விகள் தருகிறேன். உங்கள் சபையில் குடியை விட்டவர் ஒருவர் இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? அவருடைய மனைவியிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்? உங்கள் வீட்டுக் கலியாணத்தில் மாடிக்குப் பின்னால் வாலிபர்களுக்காக நடக்கிற "ஏற்பாடு" உங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா?

நம்முடைய கூடுகையைச் சனிக்கிழமை சாயங்காலம் வைத்திருப்பது சம்பள நேரத்தைப் பார்த்துத்தான். சுண்டலும் தேநீரும் உண்டு. வந்துபோகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் கொடுக்கிறோம். உங்கள் காணிக்கையில் "தொடர் கவனிப்பு" என்று ரசீதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். தொகை சிறியது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசமாகிவிட்டதால், மனைவிமார் கூட வருவதற்கு இப்போது செலவில்லை. ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற அந்த அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, அண்ணாச்சிக்கு மட்டும்தான் நாம் எடுக்கவேண்டும்.